உள்நோயாளிகளின் ஆன்டிபயோகிராம்: சதவீதம் இவ்வளவு கீழே வருவது நிஜமா, கணக்குக் கோளாறா?

அகார்த்தட்டு கேட்டது:

வணக்கம். 250 படுக்கை உள்ள பொது மருத்துவமனை. லேபில் மருந்து எடுபடுகிறதா என்று பார்ப்பது பாதி ஆட்டோமேட்டட் மெஷின் கார்டில், பாதி மருந்து ஏற்றிய டிஸ்க்கில். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கல்ச்சர் முடிவுகளை லேப் சாஃப்ட்வேரிலிருந்து எக்செல்லாக இறக்கி, பேக்லிங்க் என்ற தரவு மாற்றி வழியாக ஹூநெட் என்ற கல்ச்சர் கணக்கு மென்பொருளில் ஏற்றியாகிவிட்டது. இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் கமிட்டி கூடுவதற்குள் உள்நோயாளிகளுக்கான ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் எடுபடுகிறது என்ற அட்டை) தயாராக வேண்டும்.

வருகிற எண்களை யாரும் நம்பத் தயாராக இல்லை என்பதுதான் சிக்கல். கிளெப்சியெல்லாவுக்கு மெரோபெனெம் சென்சிட்டிவ் 40 சதவீதத்துக்கும் கீழே காட்டுகிறது. "எங்கள் வார்டில் இப்படி இல்லையே" என்கிறார்கள் மெடிசின் டாக்டர்கள். "எங்களுக்கு இதைவிட மோசம்" என்கிறது ஐசியூ. கோலிஸ்டினோ எல்லாவற்றுக்கும் 100 சதவீதம் சென்சிட்டிவ். அந்த 100-இல் கோலிஸ்டின் எடுபடவே கூடாத சில புரோட்டியஸும் அடக்கம்!

எந்த ஐசொலேட்டை (கல்ச்சரில் வளர்ந்த கிருமியை) எண்ணுவது, எதை விடுவது? ஐசியூவைத் தனியாகப் பிரித்தால் பல பாக்டீரியாக்களுக்கு 30 கூடத் தேறாது, அப்போது என்ன செய்வது? செஃப்ட்ரியாக்ஸோன் ரெசிஸ்டன்ட் ஆனால் மட்டுமே மெரோபெனெம் முடிவு ரிப்போர்ட்டில் வரும்படி வைத்திருக்கிறோம். அது கணக்கைப் பாதிக்குமா? கடைசியாக, ஒவ்வொரு நோய்க்கும் "முதல் மருந்து" இதுதான் என்று ஒரு வரியில் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஆன்டிபயோகிராமை வைத்து அப்படி எழுத முடியுமா?

---

பெட்ரிக்கிண்ணம் பதில்:

மூன்றாவதாகக் கேட்டீர்களே, அதுதான் முதல் குற்றவாளி. செஃப்ட்ரியாக்ஸோன் ரெசிஸ்டன்ட் ஆனால் மட்டும் மெரோபெனெமை வெளியே விடுவது நல்ல பழக்கம், நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் எக்செல்லாக இறக்கியது டாக்டருக்குப் போன ரிப்போர்ட். டெஸ்ட் செய்த எல்லாமும் அதில் இருக்காது. கார்டில் ஓடிய மெரோபெனெம் முடிவு மெஷினிலேயே ஒளிந்துகொண்டிருக்கும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே). கிளெப்சியெல்லா வரிகள் மொத்தம் 214. அதில் மெரோபெனெம் முடிவு வெளியே வந்தவை 140, சென்சிட்டிவ் 53. ஹூநெட் 53-ஐ 140-ஆல் வகுத்து 38 சதவீதம் என்று சொல்லும். மீதி 74-உம் செஃப்ட்ரியாக்ஸோனுக்கே சென்சிட்டிவ் ஆனவை, கார்டில் மெரோபெனெமுக்கும் சென்சிட்டிவ்தான். அவற்றைச் சேர்த்தால் 127/214, அதாவது 59 சதவீதம். ஒரு கிருமிகூட மாறவில்லை, எண் மட்டும் 21 புள்ளி ஏறிவிட்டது. ஆகவே மெஷினிலிருந்து மறைத்த முடிவுகளோடு சேர்த்து நேராக இறக்குங்கள். டிஸ்க்கில் செய்தவற்றில், இரண்டாம் வரிசை டிஸ்க்கே வைக்காமல் விட்டிருந்தால் அந்த மருந்துக்கு அந்தக் கிருமியின் சதவீதத்தை அச்சிடக் கூடாது. எல்லா ஐசொலேட்டுக்கும் வழக்கமாக வைக்கும் டிஸ்க்குகளுக்கு மட்டும் சதவீதம் போடுங்கள்.

இரண்டாவது, ஒரே நோயாளியைப் பல முறை எண்ணுவது. சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க லேப் தர அமைப்பின் எம்39 வழிகாட்டி சொல்வது: ஒரு நோயாளி, ஒரு கிருமி இனம், ஒரு ஆய்வுக் காலம், அதில் முதல் ஐசொலேட் ஒன்று மட்டும். எந்த மாதிரியிலிருந்து வந்தது, எதற்கெல்லாம் ரெசிஸ்டன்ட் என்பதைப் பார்க்கக் கூடாது. அதே நோயாளிக்கு ஈ.கோலையும் வந்திருந்தால் அது தனிக்கணக்கு. மேலே சொன்ன 214 வரிகள் 151 நோயாளிகளுடையவை என்று கொள்வோம். தள்ளுபடியாகும் 63 வரிகளில் பெரும்பகுதி ஐசியூவில் வாரக்கணக்கில் கிடந்து, வாரம் இரு முறை இ.டி. (மூச்சுக்குழாயில் போட்ட குழாய்) சுரப்பு அனுப்பப்பட்டவர்களுடையதாகத்தான் இருக்கும்; ரெசிஸ்டன்ட் கிருமிதான் திரும்பத் திரும்ப வளரும். 63-இல் 37 ரெசிஸ்டன்ட், 26 சென்சிட்டிவ் என்றால், மிஞ்சும் 151-இல் 101 சென்சிட்டிவ், 67 சதவீதம்.

ஹூநெட்டில் இதற்கு "ஒரு நோயாளிக்கு ஒன்று" என்கிற தேர்வு உண்டு. நோயாளி வாரியாக, முதல் ஐசொலேட் மட்டும் என்று வையுங்கள். பலர் வழுக்கி விழும் இடம் இதற்கும் முன்னாலேயே இருக்கிறது. நோயாளி எண் என்கிற பத்தியில் ஐ.பி. (ஒவ்வொரு அட்மிஷனுக்கும் புதிதாகத் தரும்) நம்பரை ஏற்றியிருந்தால், அதே ஆள் மறுபடி அட்மிட் ஆகும்போது புது ஆளாகிவிடுவார். டயாலிசிஸ், கேன்சர் நோயாளிகள் வருடத்தில் பல முறை வருவார்கள். எல்லாரும் தனித்தனி ஆளாகவே விழுவார்கள். எத்தனை முறை வந்தாலும் மாறாத நோயாளி எண்ணான யு.எச்.ஐ.டி.யை ஏற்றுங்கள். பேக்லிங்க்கில் அந்தப் பத்தியை மாற்றி இன்னொரு முறை ஓட்டினால் போதும்.

விட வேண்டியவை: சி.ஆர்.இ. (மெரோபெனெம் வகை எடுபடாத குடல் கிருமிகள்) ஸ்கிரீனிங்குக்கு எடுத்த ரெக்டல் ஸ்வாப், எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலின் எடுபடாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) நேசல் ஸ்வாப், கைகள், சிங்க், வென்டிலேட்டர் சர்க்யூட் போன்ற சுற்றுப்புறக் கல்ச்சர், க்யூ.சி. (தரச் சோதனை) ஸ்ட்ரெய்ன். கடைசிச் சொன்னதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். க்யூ.சி.க்கு ஓட்டிய ஈ.கோலை 25922 வாரம் ஒரு முறை என்று 52 வரியாக வந்து உட்கார்ந்திருக்கும், ஈ.கோலை சதவீதம் அழகாகத் தெரியும். ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்த கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸைக் கன்டாமினன்ட் என்று லேபே முடிவு செய்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு இயற்கையாகவே எடுபடாத ஜோடிகள். அவற்றின் கட்டத்தில் எண் இருக்கக் கூடாது, ஆர் (ரெசிஸ்டன்ட்) என்று மட்டும் எழுதுங்கள். கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின், புரோட்டியஸுக்குக் கோலிஸ்டின், நைட்ரோஃபுரான்டாயின், டைஜெசைக்ளின், செராஷியாவுக்குக் கோலிஸ்டின், நைட்ரோஃபுரான்டாயின், சூடோமோனாஸுக்கு எர்டாபெனெம், டைஜெசைக்ளின், செஃப்ட்ரியாக்ஸோன், அசினெட்டோபாக்டருக்கு எர்டாபெனெம், ஸ்டெனோட்ரோஃபோமோனாஸுக்குக் கார்பாபெனெம் (மெரோபெனெம் வகை) எதுவும், என்டரோகாக்கஸுக்குச் செஃபலோஸ்போரின் எதுவும். உங்கள் "சென்சிட்டிவ்" புரோட்டியஸ் எல்லாம் இனம் தவறாகச் சொன்னதாக இருக்கும், இல்லை கோலிஸ்டின் டெஸ்ட்டே சரியில்லாததாக இருக்கும். இரண்டாவதுதான் என்று என் ஊகம். டிஸ்க்மாமா இதைப் பார்த்தால் விளக்குவார்.

சதவீதத்தில் எஸ் (சென்சிட்டிவ்) மட்டுமே வரும்; ஐ-யை (இடைநிலை) சேர்க்காதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு மொத்தம் ஒரு வரி, எம்.ஆர்.எஸ்.ஏ. தனி வரி. நியூமோகாக்கஸ் போதுமான அளவு இருந்தால் பென்சிலினுக்கு மெனிஞ்சைட்டிஸ் அளவுகோல், மற்றதற்கான அளவுகோல் என இரண்டு பத்தி.

---

டிஸ்க்மாமா பதில்:

கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன்.

அகார்த்தட்டு, கோலிஸ்டினை டிஸ்க்கிலேயோ இ-ஸ்ட்ரிப்பிலேயோ பார்த்திருந்தீங்கன்னா அந்த 100 சதவீதத்தை அப்படியே தூக்கிப் போடுங்க. கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாருக்குள்ள சரியா பரவாது. ரெசிஸ்டன்ட் கிருமிக்கும் சென்சிட்டிவ் கிருமிக்கும் ஸோன் (டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம்) கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். 2020-லிருந்து சி.எல்.எஸ்.ஐ.யில என்டரோபாக்டரேலீஸ் (ஈ.கோலை, கிளெப்சியெல்லா வகையறா), சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் மூணுக்குமே கோலிஸ்டினுக்கு "சென்சிட்டிவ்"ங்கிற வகையே கிடையாது. எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியை நிறுத்தற குறைஞ்சபட்ச மருந்துச் செறிவு) 2 வரைக்கும் ஐ, 4-ம் அதுக்கு மேலயும் ஆர். அதனால ஆன்டிபயோகிராம்ல கோலிஸ்டினுக்குச் சென்சிட்டிவ் சதவீதம் போட்டாலே தப்பு. போட்டா ரெசிஸ்டன்ட் சதவீதம் போடுங்க, கீழே குறிப்பு எழுதுங்க.

எம்.ஐ.சி. அளக்கற ப்ராத் மைக்ரோடைல்யூஷன் வசதி இல்லாத லேபுக்கு, டிஸ்க்ல இருக்கற மருந்தைத் திரவத்துல இறக்கற டிஸ்க் எல்யூஷன் கைகொடுக்கும். கேஷன் சேர்த்த முல்லர் ஹின்டன் ப்ராத், 10 மி.லி. வீதம் நாலு கண்ணாடி ட்யூப். பிளாஸ்டிக் வேண்டாம், கோலிஸ்டின் அதுல ஒட்டிக்கும். 10 மைக்ரோகிராம் கோலிஸ்டின் டிஸ்க்கை முதல் ட்யூப்ல ஒண்ணுமில்ல, அடுத்ததுல 1, அப்புறம் 2, அப்புறம் 4. கிடைக்கிற செறிவு 0, 1, 2, 4 மைக்ரோகிராம்/மி.லி. லேசா கலக்கிட்டு அறை வெப்பத்துல அரை மணி நேரம் விடுங்க, ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) கிருமி சஸ்பென்ஷன்ல இருந்து ட்யூபுக்கு 50 மைக்ரோலிட்டர். மூடி நனையாம கலக்கி, 35 டிகிரியில 16-லிருந்து 20 மணி நேரம். 0 ட்யூப்ல வளர்ச்சி இல்லைன்னா டெஸ்ட் செல்லாது. 2 ட்யூப்ல கலங்கல் இருந்தா ரெசிஸ்டன்ட். 1-ல தெளிவு, 2-ல கலங்கல்னு தாண்டி வந்தா திரும்பப் போடுங்க. ஒவ்வொரு முறையும் 25922-ஐயும் சூடோமோனாஸ் 27853-ஐயும் கூடவே ஓட்டுங்க.

இந்த முறை என்டரோபாக்டரேலீஸுக்கும் சூடோமோனாஸுக்கும்தான். அசினெட்டோபாக்டருக்கு இதை நம்பக் கூடாது, மைக்ரோடைல்யூஷன் செய்யற இடத்துக்கு அனுப்புங்க. ஐசியூவில அதுதான் அதிகம்ங்கிறது கொடுமை.

வான்கோமைசினும் இதே கதை. ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு 30 மைக்ரோகிராம் டிஸ்க்ல பார்த்ததை எண்ணாதீங்க, எம்.ஐ.சி. வேணும்.

கார்பாபெனெம் திடீர்னு ஏதோ ஒரு மாசத்துல மட்டும் கீழ விழுந்திருக்கான்னு மாச வாரியா ஒரு தடவை பாருங்க. விழுந்திருந்தா கிருமியைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி டிஸ்க்கைச் சந்தேகப்படுங்க. இமிபெனெமும் கிளாவுலனேட் சேர்ந்த டிஸ்க்கும் ஈரத்துல சீக்கிரம் வீரியம் போயிடும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கார்ட்ரிட்ஜை உடனே பிரிச்சா உள்ள தண்ணி கோத்துக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்கணும். கரன்ட் போன நாட்கள்ல ஃப்ரீசர் என்ன வெப்பத்துல இருந்துச்சுன்னு லாக்ல பாருங்க. அந்த வாரத்து 25922 ஸோன் அளவு வரம்புக்குக் கீழ இருந்தா அந்த வாரத்து டிஸ்க் முடிவே செல்லாது.

அகார் ஆழம் 4 மி.மீ. மெலிசா ஊத்தினா ஸோன் பெருசாகி ரெசிஸ்டன்ட் எல்லாம் சென்சிட்டிவ் ஆகும், தடிமனா ஊத்தினா தலைகீழ். சூடோமோனாஸுக்கு அமிகாசின் மட்டும் விநோதமா ஆடினா பிளேட்டோட கால்சியம், மெக்னீசியம் அளவைப் பாருங்க, பிராண்ட் மாத்தின தேதியோட ஒத்துப் போகும்.

---

ஐசியூ_இரவுப்பணி பதில்:

மேலே இருவரும் லேப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் அந்த அட்டையைப் படிக்கிற பக்கம்.

ஐசியூவையும் வார்டையும் ஒன்றாகப் போட்டால் அந்த எண் இருவருக்குமே உதவாது. பெட்ரிக்கிண்ணம் சொன்ன 151-இல் ஐசியூ 52 பேர், சென்சிட்டிவ் 22. வார்டு 99 பேர், சென்சிட்டிவ் 79 என்று வையுங்கள். ஐசியூ 42 சதவீதம், வார்டு 80. சேர்த்துப் போட்ட 67 இரண்டு இடத்துக்கும் பொய். உங்கள் மெடிசின் டாக்டர்களும் ஐசியூவும் சொன்னது இரண்டுமே சரியாக இருக்கும்.

வார்டுக்குள்ளும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அட்மிஷன் ஆன அன்றே எடுத்த யூரின் கல்ச்சரும், பத்தாம் நாள் கதீட்டரோடு எடுத்ததும் வேறு வேறு உலகம். உலக சுகாதார நிறுவனத்தின் கிளாஸ் என்ற மருந்து எதிர்ப்புக் கண்காணிப்புத் திட்டம், அட்மிட் ஆகி இரண்டு நாட்காட்டி நாட்களைத் தாண்டிய பிறகு எடுத்த மாதிரியை மருத்துவமனையில் தொற்றியதாகக் கணக்கில் வைக்கிறது. ஹூநெட்டில் அட்மிஷன் தேதியை ஏற்றியிருந்தால் பிரித்துவிடலாம். ஏற்றவில்லையென்றால் இந்த ஒரு பத்திக்காக பில்லிங் பிரிவிடம் எக்செல் கேட்டு வாங்குவது வீண் வேலை அல்ல.

30 தேறாவிட்டால் என்ன செய்வது? 30 என்பதே தாராளமான எல்லை. 30-இல் 24 சென்சிட்டிவ், 80 சதவீதம் என்று அட்டையில் எழுதுகிறீர்கள். 95 சதவீத நம்பக எல்லை போட்டுப் பார்த்தால் நிஜம் 63-இலிருந்து 90 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 100-இல் 80 என்றால்கூட 71-இலிருந்து 87 வரை. அதனால் போன வருடம் 78, இந்த வருடம் 73 என்பதற்கெல்லாம் கமிட்டியில் அரை மணி நேரம் பேசக் கூடாது. 30-க்குக் கீழே போனால் இரண்டு வருடத் தரவைச் சேர்த்து, இரண்டு வருடம் என்று தலைப்பிலேயே எழுதுங்கள். அப்படியும் தேறாவிட்டால் எண்ணிக்கையை அப்படியே போடுங்கள்: 17-இல் 9. சதவீதக் குறி போட்டவுடன் ஒரு போலி மரியாதை வந்துவிடுகிறது.

இப்போது "முதல் மருந்து" விஷயம். ஒரு வரியில் எழுதித் தராதீர்கள். செப்சிஸில் வருகிற நோயாளி "நான் கிளெப்சியெல்லா" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. எனக்கு வேண்டியது கிருமி வாரியான பட்டியல் அல்ல. வென்டிலேட்டர் நிமோனியாவில் எங்கள் ஐசியூவில் எந்தக் கிருமி எத்தனை பங்கு, அவற்றில் எத்தனையை இந்த மருந்து பிடிக்கும் என்று சேர்த்துப் பெருக்கிய எண். உதாரணமாக அசினெட்டோபாக்டர் 40 சதவீதம், கிளெப்சியெல்லா 30, சூடோமோனாஸ் 20, மற்றவை 10 என்று இருந்து, மெரோபெனெம் அவற்றில் முறையே 15, 42, 65, 80 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றால், மொத்தப் பிடிப்பு 6 + 12.6 + 13 + 8, அதாவது 40-க்குக் கொஞ்சம் கீழே. இந்த ஒரு எண் கிருமி வாரியான அட்டை முழுவதையும்விட எனக்குப் பயன்படும். எக்செல்லில் பத்து நிமிட வேலை.

இரண்டு மருந்து சேர்ப்பதிலும் ஒரு கண்கட்டு உண்டு. கிளெப்சியெல்லா 100-இல் மெரோபெனெம் 45, அமிகாசின் 50 சென்சிட்டிவ் என்று அட்டை சொன்னால், இரண்டையும் சேர்த்தால் 72 சதவீதம் பிடித்துவிடலாம் என்று மனக்கணக்கு போடத் தோன்றும். கார்பாபெனெமேஸ் (மெரோபெனெம் வகையைச் சிதைக்கும் நொதி) ஜீனும் அமினோகிளைக்கோசைடு (அமிகாசின் வகை) எதிர்ப்பு ஜீனும் பெரும்பாலும் ஒரே பிளாஸ்மிடில் ஒன்றாகப் பயணிக்கின்றன. மெரோபெனெம் ரெசிஸ்டன்ட் ஆன 55-ஐ எடுத்து அதில் அமிகாசின் எத்தனை என்று எண்ணினால் 8 தான் வரும் என்று வையுங்கள், மொத்தம் 53. அமிகாசினைச் சேர்த்து சிறுநீரகத்தைப் பணயம் வைத்ததற்குக் கிடைத்தது 8 புள்ளி. ஆகவே மெரோபெனெம் ரெசிஸ்டன்ட் கூட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறு அட்டவணை போட்டுத் தாருங்கள், அதைத்தான் நாங்கள் சுவரில் ஒட்டுவோம்.

அதே அட்டவணையில் முடிந்தால் கார்பாபெனெமேஸ் வகையும் வேண்டும். நம் நாட்டில் என்.டி.எம்.மும் ஆக்சா-48 வகையும்தான் அதிகம், இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்து இருப்பதும் சகஜம். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஆக்சா-48-ஐச் சமாளிக்கும், என்.டி.எம். இருந்தால் தனியாக எடுபடாது, ஆஸ்ட்ரியோனாம் சேர்க்க வேண்டும். "சி.ஆர்.இ." என்கிற மூன்றெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்க முடியாது.

---

டிஸ்க்மாமா பதில்:

வகை பார்க்கறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. எம்.சி.ஐ.எம். (கார்பாபெனெமேஸ் இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்) மலிவுதான்: 2 மி.லி. டி.எஸ்.பி. வளர்ப்புத் திரவத்துல 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு கிருமி, மெரோபெனெம் 10 மைக்ரோகிராம் டிஸ்க்கை உள்ள போட்டு 4 மணி நேரம், பிறகு அதை எடுத்து 25922 பூசின பிளேட்ல வைக்கறது. ஸோன் 6-லிருந்து 15 மி.மீ. பாசிட்டிவ், 19-ம் அதுக்கு மேலயும் நெகட்டிவ், நடுவுல விழுந்தா ஸோனுக்குள்ள சின்னக் காலனி இருக்கான்னு பாருங்க. கூடவே ஈ.டி.டி.ஏ. சேர்த்த இ.சி.ஐ.எம்.ல ஸோன் 5 மி.மீ. அல்லது அதிகமா கூடினா என்.டி.எம். மாதிரி மெட்டலோ வகை. ஆனா டாக்டர் சொன்ன மாதிரி என்.டி.எம்.மும் ஆக்சா-48-ம் சேர்ந்து இருந்தா, ஈ.டி.டி.ஏ. என்.டி.எம்.ஐ அடக்கினாலும் ஆக்சா தன் வேலையைச் செய்யும், ஸோன் கூடாது. "மெட்டலோ இல்லை"ன்னு ரிப்போர்ட் போயிடும். இங்க அந்த ஜோடி அதிகம்ங்கறதால, இ.சி.ஐ.எம். நெகட்டிவை வெச்சு என்.டி.எம். இல்லைன்னு சொல்லக் கூடாது. இம்யூனோகுரோமாட்டோகிராஃபி கேசட்டோ பி.சி.ஆரோ வாங்கித் தரச் சொல்லிக் கமிட்டியில கேளுங்க.

---

அகார்த்தட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. யு.எச்.ஐ.டி.யை ஏற்றி மறுபடி ஓட்டுகிறேன். கோலிஸ்டின் ஸ்ட்ரிப்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் வேறு மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருபவர்கள். அட்மிஷன் தேதிப்படி பார்த்தால் முதல் நாள் கல்ச்சர், "வெளியிலிருந்து வந்த தொற்று" என்று விழும். அவர்களை எங்கே வைப்பது? அடுத்தது, போன வருடத்தின் பழைய எக்செல் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால் சிப்ரோஃப்ளாக்சசினும் ஜென்டாமைசினும் ஒரே வருடத்தில் பயங்கரமாக விழுந்திருக்கின்றன. நிஜமா?

---

பெட்ரிக்கிண்ணம் பதில்:

மாறியது கிருமியா, அளவுகோலா என்று முதலில் பாருங்கள். இடையில் மெஷினின் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று சர்வீஸ் இன்ஜினியரிடம் தேதி கேளுங்கள். என்டரோபாக்டரேலீஸுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் பழைய எல்லையில் எம்.ஐ.சி. 1 வரை சென்சிட்டிவ், 2019-லிருந்து சி.எல்.எஸ்.ஐ.யில் 0.25 வரைதான் சென்சிட்டிவ், 1 வந்தாலே ரெசிஸ்டன்ட். ஜென்டாமைசின் 4 வரை இருந்தது 2023-இல் 2 ஆனது. அமிகாசின் 16 வரை இருந்தது 4 ஆனது. பிப்பராசிலின்-டாசோபாக்டம் 16 என்பது 2022-இல் 8 ஆனது. எம்.ஐ.சி. 8 உள்ள கிருமிக்கு அமிகாசின் டிசம்பரில் சென்சிட்டிவ், ஜனவரியில் இடைநிலை. கிருமி அதேதான்.

பழைய எக்செல்லில் எஸ், ஐ, ஆர் எழுத்து மட்டும் இருந்தால் ஒப்பிடவே வழியில்லை, அந்த வருடத்தை விட்டுவிடுங்கள். எம்.ஐ.சி.யும் ஸோன் மி.மீ.யும் எண்ணாக இருந்தால் இரண்டு வருடத்தையும் ஹூநெட்டில் ஒரே வருடத்து எல்லையைக் கொண்டு மறுபடி படிக்கச் சொல்லலாம். இனிமேலாவது டிஸ்க் செய்பவர்களை மி.மீ. எழுதச் சொல்லுங்கள், எழுத்தை மட்டும் எழுதும் பழக்கம்தான் நம் லேபுகளின் பெரிய நஷ்டம். ஒரு பாதி சி.எல்.எஸ்.ஐ., ஒரு பாதி யூகாஸ்ட் (ஐரோப்பிய அளவுகோல்) என்றும் ஓட்டாதீர்கள். யூகாஸ்ட்டில் ஐ என்றால் "டோஸ் கூட்டினால் எடுபடும்", சூடோமோனாஸின் பல மருந்துகளுக்கு அங்கே எஸ் என்பதே நடைமுறையில் வராது. ஐ-யை விட்டுவிட்டு எஸ்-ஐ மட்டும் எண்ணினால் சதவீதம் பூஜ்யமாக நிற்கும்.

வேறு மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள்: கிளாஸ் விதிப்படியே, அங்கே இரண்டு நாளோ அதற்கு மேலோ இருந்தவர்கள் மருத்துவமனைத் தொற்றுப் பக்கம்தான் போவார்கள். ஆனால் உங்கள் இடத்தில் அவர்கள் நிறைய என்பதால் மூன்றாவதாக ஒரு பிரிவே போடுங்கள்: வீட்டிலிருந்து வந்தவர், வேறு மருத்துவமனையிலிருந்து வந்தவர், நம்மிடம் இரண்டு நாள் தாண்டியவர். அட்மிஷன் டெஸ்க்கில் "எங்கிருந்து வருகிறார்" என்ற கேள்வி ஏற்கெனவே ஃபார்மில் இருக்கும், யாரும் நிரப்புவதில்லை அவ்வளவுதான். தானாக வந்த முதல் நாள் கல்ச்சரிலேயே என்.டி.எம். கிளெப்சியெல்லா இருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் எழுதப்படாத ஒரு பழைய அட்மிஷன் இருக்க வாய்ப்பு அதிகம். என்.டி.எம். நமக்குப் புதிதும் அல்ல, 2010-இல் வெளியான ஆய்விலேயே சென்னை மாதிரிகள் இருந்தன.

ஒன்று விட்டுப்போயிற்று. ஐசியூ, வார்டு என்று தனித்தனியாக வடிகட்டி ஓட்டும்போது இரண்டின் கூட்டுத்தொகை மொத்தத்தைவிடச் சிலது கூடுதலாக வரும். வார்டில் ஒரு முறை, ஐசியூவுக்குப் போன பிறகு ஒரு முறை என ஒரே ஆள் இரண்டு பக்கமும் முதல் ஐசொலேட்டாக நிற்பார். அது பிழை அல்ல, கூட்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

---

ஐசியூ_இரவுப்பணி பதில்:

பெட்ரிக்கிண்ணம் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. முதல் ஐசொலேட் மட்டும் என்றால், ஐசியூவில் 15-ஆம் நாள் புதிதாகக் காய்ச்சல் வருகிற நோயாளிக்கு எந்த எண்ணைப் பார்ப்பது? அவருக்கு முதல் வாரத்து மெரோபெனெம் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே முதல் ஐசொலேட் கணக்கு நிலைமையை அழகாகக் காட்டிவிடும்.

இன்னொரு சாய்வு எதிர்த்திசையில். கல்ச்சர் எப்போது போகிறது என்று பாருங்கள். மருந்து கொடுத்து மூன்று நாள் கேட்காவிட்டால்தான் கல்ச்சர் அனுப்புவது என்ற வழக்கம் இருக்கும் வார்டில், முதல் மருந்துக்கே குணமானவர்களின் கிருமி உங்கள் கணக்கில் வரவே வராது. வருவதெல்லாம் தோற்றுப்போன கேஸ். வார்டு வாரியாக 100 அட்மிஷனுக்கு எத்தனை பிளட் கல்ச்சர் போகிறது என்ற எண்ணை ஆன்டிபயோகிராமுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8-இலிருந்து 10 மி.லி., இரண்டு செட், முதல் டோஸுக்கு முன். 3 மி.லி. மட்டும் போகும் வார்டில் நெகட்டிவுக்கும் அர்த்தம் இல்லை.

---

பெட்ரிக்கிண்ணம் பதில்:

15-ஆம் நாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, டாக்டர். அதற்கு அட்டையைக் கெடுக்க வேண்டாம், ஐசியூவுக்கு மட்டும் இரண்டாவது ஓட்டம் ஓட்டலாம்: அட்மிட் ஆகி ஏழு நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளை மட்டும் வடிகட்டி, அதற்குள் ஆளுக்கு ஒன்று. எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், எண்ணிக்கையாகவே கொடுத்துவிடலாம். அந்த நோயாளியின் சொந்தப் பழைய கல்ச்சர்தான் எந்த அட்டையையும்விட நல்ல வழிகாட்டி என்பதும் இருக்கிறது.

---

பார்மசி_மூன்றாம்மாடி பதில்:

அச்சடிக்கும் கட்டத்தில் என் பங்கு. யூரினைத் தனி அட்டையாகப் போடுங்கள். நைட்ரோஃபுரான்டாயினும் வாய்வழி ஃபோஸ்ஃபோமைசினும் அதில் மட்டும்தான் வர வேண்டும். பொது அட்டையில் ஈ.கோலைக்கு நேராக நைட்ரோஃபுரான்டாயின் 90 என்று இருந்தால், பிளட் கல்ச்சர் ஈ.கோலைக்கும் யாராவது எழுதிவிடுவார்கள். ஃபோஸ்ஃபோமைசினுக்கு சி.எல்.எஸ்.ஐ.யின் கிராம் நெகட்டிவ் எல்லை யூரினில் வந்த ஈ.கோலைக்கு மட்டுமே, கிளெப்சியெல்லாவுக்கு அதை வைத்துப் படிக்கக் கூடாது.

மருந்துகளை அகர வரிசையில் அடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ் (முதலில் தருவது), வாட்ச் (கவனமாகத் தருவது), ரிசர்வ் (கடைசிக்கு ஒதுக்குவது) வரிசையில் இடமிருந்து வலமாக வையுங்கள். அதிக சதவீதம் இருக்கும் கட்டத்துக்குத்தான் கண் ஓடும், அது பெரும்பாலும் ரிசர்வ் மருந்தாகவே இருக்கும். ரிசர்வ் பத்திகளைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கட்டங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடிப்பதாக இருந்தால் 30-க்குக் கீழே உள்ளவற்றுக்கு நிறமே வேண்டாம், சாம்பல் போதும். ஒவ்வொரு கிருமிக்கும் பக்கத்தில் எத்தனை நோயாளிகள் என்ற எண், கீழே எந்த வருடத்து எல்லை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஸ்கிரீனிங் நீக்கப்பட்டதா என்ற மூன்று வரி.

ஏ4-இல் லேமினேட் செய்து நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டினால் ஆறு மாதத்தில் அதன் மேல் ட்யூட்டி ரோஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பாக்கெட் அளவில் மடித்து, ஹவுஸ் சர்ஜன்கள் மாறும் மாதத்தில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கையில் கொடுங்கள். பழைய வருடத்து அட்டைகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடவும், இல்லையென்றால் இரண்டும் கோட் பாக்கெட்டில் சேர்ந்தே கிடக்கும்.